ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி சுவிட்ச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1997-ஆம் ஆண்டின் கார்புரேட்டர் கார் ஒன்று இருக்கிறது. சேலம் நகருக்குள் ஓட்டும்போது தொல்லை எதுவும் இல்லை. ஏற்காடு ஏறும்போது மட்டும், அதிலும் விடுமுறை நாள்களில் பேருந்துகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக நேர்ந்தால், பாதி மலையிலேயே ஹீட் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. ஏ.சி. போட்டால் ஃபேன் உடனே ஓடுகிறது. போடாவிட்டால் சில வேளைகளில் மிகத் தாமதமாகத்தான் ஓடத் தொடங்குகிறது. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, வேண்டும்போது நானே ஃபேனை ஓட்டிக்கொள்ளலாமா? அதற்கு ஒயரிங் எப்படிச் செய்ய வேண்டும்?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பு உங்கள் கடிதத்திலேயே இருப்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் சேர்த்து ஒரே ஃபேன் இருக்கிறதா, இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால், ஏ.சி. போட்டதும் அது ஓடுவதிலிருந்து மோட்டாரும் அதற்கு வரும் மின்சாரமும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது சந்தேகத்துக்கு உரியது ரேடியேட்டர் தொட்டியில் திருகப்பட்டிருக்கும் தெர்மோ சுவிட்ச்தான். பல கார்களில் இது ஏறக்குறைய 92 முதல் 97 டிகிரி செல்சியசுக்குள் இணைந்து ஃபேனை ஓடவைத்து, சில டிகிரி இறங்கியதும் விட்டுவிடும். வயதான தெர்மோ சுவிட்ச் தாமதமாக இணையும். அல்லது ஒரு நாள் இணையும், மறுநாள் இணையாது. கூலன்ட் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும்: தெர்மோ சுவிட்சின் முனை திரவத்தில் மூழ்காமல் காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் அதற்குச் சூடு சரிவர எட்டாது. ஆகவே எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் மூடியைத் திறந்து கூலன்ட் மட்டத்தைப் பார்த்து, குறைவு இல்லையென்றால் தெர்மோ சுவிட்சை மாற்றுங்கள். விலை அதிகமில்லாத உதிரி பாகம் அது. அதை மாற்றிய பிறகு உங்களுக்குத் தனி சுவிட்சே தேவைப்படாமல் போகலாம்.

நகரில் தோன்றாத தொல்லை மலையில் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஃபேனுக்கு வேலை குறைவு. சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு, அடிவாரம் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது எஞ்சின் தன் முழு உழைப்பையும் தருகிறது. எதிர்க்காற்றோ ஏறக்குறைய இல்லை. அந்த நேரத்தில் ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டுமே. கோடை விழாக் கூட்டத்தில் சிக்கி நிற்கும் காருக்கு இது இன்னும் பொருந்தும்.

மலையேறுகிறவர்கள் அதிகம் கவனிக்காத இன்னொன்று ரேடியேட்டர் மூடி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏற்காட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் 95 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அப்படிக் கொதிக்காமல் தடுப்பது, மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் உள்ளே பிடித்துவைக்கும் அழுத்தம். 0.9 பார் மூடி நல்ல நிலையில் இருந்தால், மலை உச்சியிலும் வெறும் தண்ணீரின் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேல். ரப்பர் வெடித்துப் போன மூடியும் வெறும் தண்ணீருமாக ஏறும் காரில், தெர்மோ சுவிட்ச் இணைய வேண்டிய சூடு வருவதற்கு முன்பே தண்ணீர் கொதித்து வெளியேறத் தொடங்கிவிடலாம். அப்படிப்பட்ட காருக்கு நான்கு சுவிட்ச் வைத்தாலும் பயனில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும், மலைப் பயணத்துக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைத்தால் சுவிட்சை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே விதிதான்: நீங்கள் வைக்கும் சுவிட்ச் தெர்மோ சுவிட்சுக்குப் பக்கவாட்டில், அதாவது பேரலலாக இணைய வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. உங்கள் சுவிட்சால் ஃபேனை ஓடவைக்க மட்டுமே முடிய வேண்டும், நிறுத்த முடியக் கூடாது. நீங்கள் போட மறந்தாலும் தெர்மோ சுவிட்ச் தன் வேலையைச் செய்யும். தெர்மோ சுவிட்ச் தவறினாலும் உங்கள் கை இருக்கும்.

ஒயரிங்கைத் தொடங்கும் முன் உங்கள் காரில் எது எதை இணைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தெர்மோ சுவிட்சுக்கு வரும் இரண்டு ஒயர்களைப் பாருங்கள். அவை மெல்லியவையாக இருந்தால், ஒன்று பெரும்பாலும் ஃபேன் ரிலேயின் (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) காயிலிலிருந்து வருவதாகவும், மற்றது எர்த்தாகவும் இருக்கும். ஒரே ஒயர்தான் வருகிறது என்றால் தெர்மோ சுவிட்சின் உடலே எர்த். இக்னிஷனை ஆன் செய்து, சுவிட்சிலிருந்து கழற்றிய இரண்டு ஒயர் முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஒரே ஒயர் என்றால் அதை எஞ்சின் உடலில் தொடுங்கள். ஃபேன் ஓடினால் உங்கள் வேலை மிக எளிது. ரிலேயிலிருந்து தெர்மோ சுவிட்சுக்கு வரும் அந்த ஒயரில் ஒரு மெல்லிய கிளை ஒயரைச் சேர்த்து, டேஷ்போர்டுக்குக் கொண்டுபோய், சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒன்றின் வழியாக பாடி எர்த்துக்குக் கொடுத்துவிட்டால் போதும். புதிய ரிலே தேவையில்லை. ரிலே காயிலின் வழியே ஓடுவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு என்பதால் 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரே தாராளம். சில கார்களில் தெர்மோ சுவிட்ச் தலைகீழாக, சூடானதும் திறக்கும் வகையாக இருக்கும். அதில் பிளக்கைப் பிடுங்கினாலே ஃபேன் ஓடும். அந்த வகைக் காரில் இந்தக் கிளை ஒயர் முறை பொருந்தாது. கீழே சொல்லும் தனி ரிலே முறையே சரி.

தெர்மோ சுவிட்சுக்குத் தடித்த ஒயர்கள் வந்தால், ஃபேனின் முழு மின்சாரமும் அதன் வழியாகவே போகிறது என்று பொருள். சிறிய காரின் ஃபேன் ஓடும்போது 8 முதல் 12 ஆம்பியர் வரை எடுக்கும். பெரிய காருடையது 20 வரை போகும். கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அந்த மின்சாரத்தை டேஷ்போர்டு வரை நீட்டி ஒரு சிறிய சுவிட்சின் வழியாக அனுப்புவது தீ விபத்துக்கு வழி. 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே ஒன்று வாங்குங்கள். அதன் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 85, 86 இரண்டும் காயில், 30, 87 இரண்டும் பெரிய மின்சாரம் போகும் கால்கள்.

ஃபேன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றாமலேயே, இக்னிஷன் ஆனில், ஃபேன் ஓடாத நிலையில், அதன் இரண்டு ஒயர்களையும் மல்டிமீட்டரால் பாருங்கள். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால், மோட்டாருக்கு பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டிருக்கிறது, தெர்மோ சுவிட்ச் எர்த்தை மட்டும் இணைக்கிறது என்று பொருள். அப்போது புதிய ரிலேயின் 30-ஆம் காலை நல்ல பாடி எர்த்துக்கும், 87-ஆம் காலை மோட்டாரிலிருந்து தெர்மோ சுவிட்சுக்குப் போகும் ஒயருக்கும் கொடுங்கள். மோட்டாரின் பாசிட்டிவ் காரின் பழைய ஃப்யூஸ் வழியாகவே வருகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் வோல்ட் இல்லையென்றால் பாசிட்டிவ் பக்கம்தான் துண்டிக்கப்படுகிறது. அப்போது பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-ஆம் காலுக்கும், 87-லிருந்து மோட்டாரின் பாசிட்டிவ் ஒயருக்கும் கொடுக்க வேண்டும். அந்த ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃப்யூசுக்கு முன்னால் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இந்தப் பெரிய ஒயர்கள் 2.5 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது.

எந்த முறையானாலும் 86-ஆம் காலுக்கு, சாவி ஆனில் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இடத்திலிருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகக் கொடுத்து, 85-ஐ டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக எர்த் செய்யுங்கள். நேரடியாக பேட்டரியிலிருந்து எடுத்தால், மறந்து போட்டுவைத்த சுவிட்ச் ஒரே இரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும். ஐந்து கால் ரிலே வாங்கியிருந்தால், நடுவிலுள்ள 87ஏ காலை எதற்கும் இணைக்காமல் ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-ஆம் காலோடு தொடர்பில் இருப்பது அதுதான். ஒயரை எஞ்சின் அறையிலிருந்து உள்ளே கொண்டுவரும் துளையில் ரப்பர் கிராமெட் இல்லாமல் விடாதீர்கள். தகரத்தின் விளிம்பு சில மாதங்களிலேயே இன்சுலேஷனை அறுத்துவிடும். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல், லக் போட்டு அழுத்தி இணையுங்கள். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு போல்ட் போடுங்கள்.

பாசிட்டிவ் பக்க முறையில், 87-ஆம் காலிலிருந்து ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் சுவிட்சுக்கு மட்டுமல்லாமல் தெர்மோ சுவிட்ச் இணைந்தாலும் எரியும் என்பதால், தானியங்கி வேலை செய்கிறதா என்பதையும் ஓட்டியபடியே அறியலாம். என்னைக் கேட்டால் சுவிட்சைவிட இந்த விளக்குதான் அதிகப் பயன்.

பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கோரிமேடு தாண்டி அடிவாரத்தை நெருங்கும்போது சுவிட்சைப் போட்டுவிட்டு, மேலே போய்ச் சேர்ந்ததும் அணைக்கலாம். தொடர்ந்து ஓடினால் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். குளிர்ந்தால், ரேடியேட்டருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு தானே மூடிக்கொள்ளும். முள் அப்படியும் ஏறினால் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டர் உள்ள காரென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். சிவப்பைத் தொட்டுவிட்டால் வளைவில் நிற்காமல் நேரான, அகலமான இடத்தில் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாமல் இருங்கள்.

கேள்வி: என் நண்பரின் காரில் ஆட்டோ, ஆஃப், ஆன் என்று மூன்று நிலையுள்ள சுவிட்ச் இருக்கிறது. அதுவே வசதியாகத் தெரிகிறதே?
— வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: தண்ணீரில் இறங்கிக் கடக்கும் வாகனங்களுக்காக ஏற்பட்டது அந்த ஆஃப் நிலை, சுழலும் ஃபேன் தண்ணீரில் முட்டினால் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக்கூடும். தார்ச்சாலையில் ஓடும் காருக்கு அது தேவையில்லை. ஒரு நாள் யாராவது துடைக்கும்போது கை பட்டு ஆஃபில் நின்றுவிடும். அடுத்த பயணத்தில் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப் பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போகும்.

கேள்வி: என்னுடையது ஆறு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார். ஹீட் முள்ளே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. ஒரு மெக்கானிக், டெம்பரேச்சர் சென்சாரின் ஒயரில் ஒரு சுவிட்ச் வைத்து அதைத் துண்டித்தால் ஃபேன் தானாக ஓடும் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், அழகாபுரம்

பதில்: பல கார்களில் ஓடத்தான் செய்யும், ஆனாலும் செய்யக் கூடாது. உங்கள் காரில் ஃபேனை ஓட்டுவது தெர்மோ சுவிட்ச் அல்ல, ஈ.சி.யு. என்னும் கணினி. சென்சாரின் தொடர்பு அறுந்தால் அது எஞ்சினின் சூட்டை அறிய வழியில்லாமல், பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிட்டு செக் எஞ்சின் விளக்கைப் போடும். அதே சென்சாரை நம்பித்தான் அது பெட்ரோல் அளவையும் இக்னிஷன் நேரத்தையும் கணக்கிடுகிறது. ஃபேனுக்காகக் கணினியின் கண்ணைக் கட்டிவிட்டு மலையேறுவது முறையல்ல. ரெசிஸ்டர் வைத்துச் சூட்டைக் கூட்டிக் காட்டும் தந்திரமும் இதே வகைதான்.

ரிலே காயிலின் எர்த் ஒயரைத் தட்டி எடுக்கும் பழைய முறையும் உங்களுக்கு ஏற்றதல்ல. தான் எர்த் செய்யாத ஒயர் எர்த் ஆவதைக் கணினி கண்டுபிடித்துப் பிழைக் குறி பதியலாம். சுவிட்ச் வேண்டியே தீரும் என்றால், காரின் ரிலேயைத் தொடாமல், முன்னர் சொன்ன தனி ரிலேயை அதன் பெரிய மின்சாரக் கால்களுக்குப் பக்கவாட்டாக இணைப்பதுதான் வழி. ஃபேன் இரண்டு வேகமுள்ளதா, ரெசிஸ்டர் வழியாக மெதுவேகம் ஓடுகிறதா என்பதை ஒயரிங் வரைபடத்தில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மோட்டாருக்கு இரண்டு தடித்த ஒயர்களோடு மெல்லிய சிக்னல் ஒயரும் போனால், வேகத்தைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை அதற்குள்ளேயே இருக்கக்கூடும். அதற்கு ரிலே முறை செல்லாது. வாரன்டி மிச்சமிருந்தால் அதையும் இழக்க நேரிடலாம்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது சுவிட்ச் அல்ல, காரின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பி.டி. பிளக்கில் செருகி கைப்பேசியில் கூலன்ட் சூட்டைக் காட்டும் சிறிய கருவி. ஏற்காட்டுக்கு ஒரு முறை ஏறும்போது பக்கத்தில் இருப்பவரை எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 90-க்கும் 100-க்கும் இடையில் ஏறி இறங்கினால் கணினி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்க்கும் வேலை இருக்கிறது.

கேள்வி: ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழைய டீசல் ஜீப் ஓட்டுகிறோம். அதற்கும் இந்தச் சுவிட்ச் வைக்க முடியுமா?
— வாசகர், நாகலூர்

பதில்: ஃபேன் பெல்ட்டில் சுழல்வதாக இருந்தால் சுவிட்சுக்கு இடமே இல்லை, எஞ்சின் ஓடும் வரை ஃபேனும் ஓடும். பெல்ட் தளர்வு, ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருப்பது, ரேடியேட்டர் இடுக்குகளில் சேறும் சருகும் அடைத்திருப்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். தோட்ட வண்டிகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: வாடகைக் கார் ஓட்டுகிறேன். தெர்மோ சுவிட்ச் போய்விட்டதென்று, இக்னிஷன் ஒயரிலிருந்து நேராக ஃபேனுக்கு இணைத்துவிட்டார்கள். சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிறது. தொடர்ந்து இப்படியே ஓட்டலாமா?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: அவசரத்துக்கு வீடு வந்து சேர அது சரி, மாதக்கணக்கில் வேண்டாம். இக்னிஷன் சுவிட்சின் உள்முனைகள் இந்தக் கூடுதல் 10 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடாகிக் கருகி, ஒரு நாள் கார் வழியிலேயே நின்றுவிடும். இரவில் மழையில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓடும்போது, பழைய காரின் ஆல்டர்னேட்டரால் ஐடிலிங்கில் இதையும் தாங்க முடியாது. குறைந்தபட்சம் ஒரு ரிலேயும் ஃப்யூசும் வைத்துக்கொண்டு, தெர்மோ சுவிட்சையும் மாற்றுங்கள்.

அதே வேளையில் தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் கார் ஹீட்டாகிறது என்றாலே வால்வைக் கழற்றி வீசும் பழக்கம் இருக்கிறது. வால்வும் இல்லாமல் ஃபேனும் ஓயாமல் ஓடினால், மார்கழி இரவில் ஏற்காட்டிலிருந்து இறங்கும் எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வரவே வராது; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் விரைவில் தேயும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதையும் வடித்துவிடுங்கள். சேலத்துப் போர் தண்ணீரின் உப்பு, குழாய்களின் உட்புறத்தில் படிந்து வழியை அடைக்கும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரும் இதற்கு வேண்டாம். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்டைச் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

கேள்வி: நானே ரிலேயோடு சுவிட்ச் வைத்துவிட்டேன். பேட்டரி பக்கம் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும் சில வேளை ஃப்யூஸ் போய்விடுகிறது. என்ன தவறு?
— வாசகர், குகை

பதில்: தவறு ஃப்யூசின் அளவில்தான் இருக்கக்கூடும். ஓடும்போது 9 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 20-க்கு மேல் இழுக்கும். ஒயர் 2.5 ஸ்கொயர் என்றால் 20 ஆம்பியர் ஃப்யூஸ் போடலாம். ஒயர் அதைவிட மெல்லியது என்றால் முதலில் ஒயரை மாற்றுங்கள், பிறகு ஃப்யூசை. 20-ம் போனால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்று மெதுவாக நிற்க வேண்டும். இறுகியிருந்தால் மோட்டாரின் புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். எந்த நிலையிலும் ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் ஃபேன் ஓடும்போது எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று அளக்கச் சொல்லி, அந்த எண்ணோடு மறுபடியும் எழுதுங்கள்.